பறக்கும் பட்டறையின் இடப்பக்கம்

எங்கள் வண்டியைப் பார்த்தவர்கள் எல்லோரும் அதை ஐஸ்கிரீம் வண்டி என்றுதான் நினைத்தார்கள். வம்பே அதில்தான் ஆரம்பித்தது.

வண்டி வெள்ளை நிறம், அது உண்மை. ஆனால் உள்ளே இருந்தது பஞ்சர் ஒட்டும் பசை, காற்றடிக்கும் பம்பு, டியூப், செயின், ஒரு பெட்டி நிறைய ஸ்பேனர், ஒரு வாளித் தண்ணீர். என் அம்மா சைக்கிள் மெக்கானிக். ஏழு வருடம் வேறொருவர் கடையில் வேலை பார்த்துவிட்டு, போன மாதம்தான் சொந்தமாக இந்த வண்டியை வாங்கினார். யாருடைய சைக்கிள் எங்கே நின்றுபோனாலும் அங்கேயே போய்ச் சரிசெய்து தரவேண்டும் என்பது அம்மாவின் ஆசை.

முதல் நாள் பள்ளிக்கூட வாசலில் வண்டியை நிறுத்தியதும் பதினேழு பிள்ளைகள் வரிசையில் வந்து நின்றார்கள்.

"ஆன்ட்டி, சாக்லேட் கோன் இருக்கா?" என்று கேட்டான் முன்னால் நின்ற சுருட்டை முடிப் பையன்.

"கோன் இல்ல. உன்கிட்ட பஞ்சர் இருக்கா?" என்றார் அம்மா.

அவன் ஏதோ திட்டிவிட்டார் என்று நினைத்து ஓடியே போய்விட்டான். வரிசையும் கலைந்தது. அம்மா சிரித்தார், ஆனால் அன்றைக்குச் சீக்கிரமே வண்டியை வீட்டுக்குத் திருப்பிவிட்டார்.

அன்றைக்கே நான் சொல்லிவிட்டேன். "அம்மா, வண்டிக்குப் பேர் எழுதணும். தூரத்துலேருந்தே தெரியணும். எழுத்தை நான் வரையறேன்."

எனக்குப் பத்து வயது. வீட்டில் என்னைக் 'கோணல்' என்று கூப்பிடுவார்கள். எதைப் பார்த்தாலும் தலையைச் சாய்த்துப் பார்ப்பேனாம். இது மாமா வைத்த பெயர். மாமா அம்மாவின் தம்பி; எங்கள் வீட்டுக்குக் கீழே ஸ்டிக்கர் கடை வைத்திருக்கிறார். கம்ப்யூட்டரில் எழுத்தை ஏற்றினால், ஒரு மெஷின் அதை ஒட்டும் தாளில் அப்படியே வெட்டித் தரும். எந்த வேலையைச் சொன்னாலும் மாமா, "அரை மணி நேரத்துல முடிச்சிடலாம்" என்பார். ஒரு வேலையும் அரை மணி நேரத்தில் முடிந்து நான் பார்த்ததில்லை.

வண்டிக்குப் 'பறக்கும் பட்டறை' என்று பெயர் வைத்தோம்.

"கம்ப்யூட்டர்ல ஆயிரம் எழுத்து இருக்கு. ஒண்ணை எடுத்துப் போட்டா வேலை முடிஞ்சுது" என்றார் மாமா.

"எல்லா வண்டியிலயும் அதே எழுத்துதான் மாமா இருக்கு. நம்ம எழுத்து ஓடணும்."

"எழுத்துக்குக் காலா இருக்கு?"

"குண்டா, சாய்வா வரைஞ்சா ஓடும்" என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, வரைவதற்குள் போதும் போதும் என்று ஆகிவிட்டது. முதலில் ஒல்லியாக வரைந்தேன். தெருவின் எதிர்ச்சாரியில் நின்று பார்த்தால் ஒன்றுமே தெரியவில்லை. சரி என்று குண்டாக்கினேன். குண்டாக்கியதும் 'றை'யில் முன்னால் வரும் இரட்டைச் சுழி மூடிக்கொண்டு இரண்டு கறுப்பு உருண்டையாகிவிட்டது. உள்ளே இருக்கும் வெள்ளை இடத்தைப் பெரிதாக்கினால்தான் குண்டெழுத்துக்கு மூச்சு வரும் என்று மூன்றாம் நாள்தான் கண்டுபிடித்தேன்.

சாய்வு அதைவிடப் பெரிய தலைவலி. ஒவ்வொரு எழுத்தும் ஒவ்வொரு மாதிரி சாய்ந்தது. அதனால் கட்டம் போட்ட தாளில் ஸ்கெட்ச் பேனாவால் சாய்வுக் கோடுகள் போட்டேன். நான்கு கட்டம் ஏறினால் ஒரு கட்டம் வலப்பக்கம் போகவேண்டும். அந்தத் தாளை அடியில் வைத்து, மேலே மெல்லிய தாளை வைத்து வரைந்தேன். மெய்யெழுத்தின் புள்ளியைக்கூடக் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி வைத்தேன். இல்லாவிட்டால் எழுத்து ஓடும், புள்ளி மட்டும் பின்தங்கி நிற்கும்.

இரண்டு வாரம் ஆனது. மாமா என் எழுத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, சிவப்புத் தாளில் இரண்டு பிரதி வெட்டினார். வெள்ளிக்கிழமை, வண்டியின் இரண்டு பக்கத்திலும் ஒட்டினோம். வண்டியின் இடப்பக்கம் சுவரை ஒட்டி நின்றது. ஒரு ஆள் நுழையும் சந்து. அதற்குள் ஒடுங்கி நின்றுகொண்டு ஒட்டி முடித்தோம். மூக்குக்கு நேரே எழுத்து இருந்தது; பின்னால் போய் நின்று பார்க்க இடமில்லை.

அன்று சாயங்காலமே பேரணி மேடம் வந்தார்.

அவரைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் ஊரில் அந்த ஞாயிற்றுக்கிழமை முந்நூறு பேர் கலந்துகொள்ளும் சைக்கிள் பேரணி. அதை நடத்துவது அவர்தான். பேரணியோடு கூடவே போய்ப் பழுது பார்க்கும் வேலையை அம்மாவுக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார். அம்மாவுக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை அது. ஒரு டியூபை நாலே நிமிடத்தில் மாற்ற, அம்மா தினமும் கடிகாரம் வைத்துப் பழகிக்கொண்டிருந்தார்.

மேடம் வண்டியின் வலப்பக்கத்தைப் பார்த்தார். "அடடே, நிக்கிற வண்டியே ஓடுற மாதிரி இருக்கே. யார் எழுதினது?" என்றார். மாமா வாயெல்லாம் பல்லாக நின்றார். எனக்குக் கால் தரையில் இல்லை.

"அந்தப் பக்கமும் பார்க்கணுமே" என்றார் மேடம். அம்மா வண்டியைச் சந்திலிருந்து வெளியே எடுத்துத் தெருவில் நிறுத்தினார்.

மேடம் இடப்பக்கம் போனார். நாங்களும் போனோம்.

"ஏங்க, இந்தப் பக்கம் வண்டி ரிவர்ஸ்ல போகுதா?" என்றார் மேடம்.

அப்படித்தான் இருந்தது. வலப்பக்கத்தில் வண்டியின் முகம் வலது கை ஓரம் இருக்கிறது. எழுத்தும் அங்கே சாய்ந்து முன்னால் ஓடுகிறது. இடப்பக்கத்தில் வண்டியின் முகம் இடது கை ஓரம். எழுத்தோ அதே பழைய வலப்பக்கம் சாய்ந்திருந்தது. வண்டி ஒரு பக்கம் போக, யாரோ எழுத்தின் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுக்கிற மாதிரி இருந்தது. நான் தலையை எப்படிச் சாய்த்துப் பார்த்தும் அது மாறவில்லை.

"சைக்கிள் எல்லாம் ரோட்டோட இடது ஓரமா போகும்" என்றார் மேடம். "உங்க வண்டி அவங்களுக்கு வலது பக்கமா வரும். அவங்க கண்ணுல படுறது இந்த இடப்பக்கம் மட்டும்தான். போன வருஷம் வந்த வண்டியில நேரா, சாதாரணமா எழுதியிருந்தாங்க. பக்கத்துல வந்தும் யாருக்கும் தெரியல. இருபது பேர் பாவம், சைக்கிளைத் தள்ளிக்கிட்டே வீட்டுக்குப் போனாங்க. நாளைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு மறுபடி வரேன். சரியில்லன்னா வேற வண்டியச் சொல்லிடுவேன். தப்பா நினைச்சுக்காதீங்க."

அவர் போனதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் வரைந்த எழுத்தால் அம்மாவின் வேலை போகப் போகிறது.

"அட, இதுக்குப் போயா அழுவாங்க?" என்றார் மாமா. "அரை மணி நேரத்துல முடிச்சிடலாம்."

கம்ப்யூட்டரில் எழுத்தை அப்படியே இடம் வலமாகத் திருப்பினார். சாய்வு சரியாக வந்தது. ஆனால் 'றை' முதலில் வந்து, அதுவும் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. "கண்ணாடி வச்சுப் படிக்கச் சொல்லலாமா?" என்றார் மாமா. அம்மா முறைத்தார்.

அடுத்து, எழுத்துகளைக் கம்ப்யூட்டரிலேயே இடப்பக்கம் பிடித்துத் தள்ளிச் சாய்த்தார். 'க'வின் வயிறு ஒட்டிப்போய், 'கு'வின் வால் வீங்கிப்போனது. நான் பாடுபட்டுத் திறந்த இரட்டைச் சுழி மறுபடியும் மூடிக்கொண்டது.

"நேர் எழுத்தே போட்டுடலாம்" என்றார் மாமா. அவர் குரலே இறங்கிவிட்டது.

அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "விடு கண்ணு. நேர் எழுத்து போட்டுப் பார்ப்போம். மேடம் வேண்டாம்னா, வேற வேலை வராமலா போயிடும்?"

அம்மா அதைச் சொல்லும்போது கையிலிருந்த ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"நேர் எழுத்து வேண்டாம்" என்றேன். "நாளைக்கு லீவுதான். ஆறு மணிக்குள்ள நானே இடப்பக்கத்துக்கு வேற எழுத்து வரையறேன்."

"முதல்ல வரைய ரெண்டு வாரம் ஆச்சேம்மா" என்றார் மாமா.

"அப்ப தெரியாம வரைஞ்சேன். இப்ப தெரியும்."

வீறாப்பாகச் சொல்லிவிட்டுச் சனிக்கிழமை காலையில் உட்கார்ந்தால், கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. என் கைக்கு வலப்பக்கம் சாய்த்துத்தான் பழக்கம். முதல் 'ப' பாதியில் நிமிர்ந்தது. இரண்டாவது 'ப' மல்லாந்து விழுந்தது. பத்து மணிக்குள் பதினோரு தாள் வீண். எரிச்சலில் எல்லாவற்றையும் தரையில் தள்ளிவிட்டேன், சாய்வுக் கோடு போட்ட தாள் உட்பட.

அந்தத் தாள் குப்புற விழுந்தது. ஸ்கெட்ச் பேனாவின் மை பின்பக்கம் ஊறியிருந்தது. கோடுகள் அங்கேயும் தெரிந்தன. ஆனால் இடப்பக்கம் சாய்ந்திருந்தன.

நான் அப்படியே உட்கார்ந்து அதைப் பார்த்தேன். அதே சாய்வு; நான்கு கட்டத்துக்கு ஒரு கட்டம். பக்கம் மட்டும்தான் வேறு.

"மாமா" என்று மாடியிலிருந்தே கத்தினேன். "எழுத்தைத் திருப்பக் கூடாது. கோட்டைத்தான் திருப்பணும்."

"என்னது?"

"ஒண்ணுமில்ல. மெஷினைத் துடைச்சு வைங்க."

கோட்டுத் தாளைப் பின்பக்கமாக அடியில் வைத்து, மேலே புதுத் தாள் போட்டேன். எழுத்து ஒன்பதுதான், அதிலும் சில திரும்பத் திரும்ப வந்தன. எண்ணிப் பார்த்தால் ப, ற, க, கு, ம, ட, இரட்டைச் சுழி, புள்ளி. எட்டு உருவம் வரைந்தால் போதும். கோடு இருந்ததால் கை இப்போது சொன்ன பேச்சைக் கேட்டது. 'ட' சமர்த்து, உடனே வந்துவிட்டது. 'கு' மட்டும் அடம்பிடித்தது. எழுத்து இடப்பக்கம் ஓட, அதன் வாலும் இடப்பக்கம் சுழன்று முன்னால் போய் இடித்தது. வாலைக் கொஞ்சம் குட்டையாக்கி, உள்ளே சுருட்டினேன். ஆறாவது தடவை அடங்கியது.

இரண்டு மணிக்கு எட்டும் முடிந்தன. அம்மா ஊட்டிவிட்டதால் சாப்பாடும் முடிந்தது.

"ஒட்டறதுக்கு முன்னாடி ஓட்டிப் பார்க்கணும்" என்றேன். நேற்றுப் பட்டது போதும்.

மாமா எழுத்துகளைப் பெரிய காகிதத்தில் அச்செடுத்தார். அதை இரண்டு கையாலும் நெஞ்சுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு எதிர்ச்சாரிக்குப் போனார். நான் இந்தப் பக்கம் நின்று கண்ணைப் பாதி மூடிக்கொண்டேன். பாதி மூடிய கண்ணுக்குத் தெரிந்தால், தூரத்தில் இருப்பவர்களுக்கும் தெரியும்.

"மாமா, இடது கைப் பக்கமா ஓடுங்க."

"யாரோட இடது கை?"

"என்னோடது."

மாமா ஓடினார். தொப்பை குலுங்க நண்டு மாதிரி பக்கவாட்டில் ஓடினார். எங்கள் பக்கத்துக் கடைத் தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்தார். "என்ன தம்பி, தேர்தல்ல நிக்கறீங்களா?" என்று கேட்டார்.

"ஓடத்தான் சொல்றாங்கண்ணே, நிக்க விடமாட்டேங்கறாங்க" என்று மாமா மூச்சிரைக்கச் சொன்னார்.

முதல் ஓட்டத்தில் 'க்'கும் 'கு'வும் ஒட்டி ஒரே கட்டியாகத் தெரிந்தன. நடுவில் ஒரு விரல் இடம் விட்டேன். இரண்டாவது ஓட்டத்தில் புள்ளிகள் காணாமல் போயின. அவற்றைப் பெரிதாக்கினேன். மூன்றாவது ஓட்டத்தில், மாமா எதிர்ச்சாரியில் பாதி தூரம் ஓடுவதற்குள், தையல்காரர் தன் வாசலிலிருந்தே, "பறக்கும் பட்டறை" என்று சத்தமாகப் படித்தார். அவர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"போதும், மெஷினைப் போடுங்க மாமா" என்றேன்.

"இது அரை மணி நேரம்..." என்று ஆரம்பித்த மாமா என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். ஆனால் அன்றைக்கு, அவர் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, அந்த வேலை அரை மணி நேரத்தில் முடிந்தது.

அதற்குள் அம்மா பழைய ஸ்டிக்கரைச் சூடாக்கி உரித்து வைத்திருந்தார். இந்தத் தடவை வண்டியின் இடப்பக்கம் தெருவைப் பார்த்து நின்றது. சோப்புத் தண்ணீர் தெளித்து, ஒவ்வொரு எழுத்தாக ஒட்டி, தட்டையான அட்டையால் நீரை வெளியே தள்ளினோம். ஒவ்வொரு எழுத்துக்கும் நான் எதிர்ச்சாரிக்கு ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே பேரணி மேடம் வந்துவிட்டார். என் விரல் முழுக்கச் சோப்பு.

மேடம் வண்டிக்குப் பக்கத்தில் வரவே இல்லை. எதிர்ச்சாரியில் நின்றுகொண்டு, "வண்டியை ஓட்டிக் காட்டுங்க" என்றார்.

அம்மா தெருமுனை வரை போய்த் திரும்பி, மேடம் நின்ற பக்கம் இடப்பக்கம் தெரிய ஓட்டிக்கொண்டு வந்தார். எழுத்துகள் முன்னால் சாய்ந்து வண்டியோடு ஓடின. 'ப' முதலில் ஓடியது, 'றை' கடைசியில் துரத்திக்கொண்டு வந்தது. மேடத்தின் கண் வண்டியோடு கூடவே போனது. நான் அவர் முகத்தையே பார்த்தேன்.

"நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு வந்துடுங்க" என்றார் மேடம். "லேட் பண்ணாதீங்க."

அம்மா வண்டியை விட்டு இறங்கி வந்து, சோப்புக் கையோடு இருந்த என்னை அப்படியே தூக்கிவிட்டார். பத்து வயதுப் பெண்ணைத் தெருவில் வைத்துத் தூக்கினால் கூச்சமாகத்தான் இருக்கும். இருந்தாலும் இறக்கிவிடச் சொல்லாமல் கழுத்தைக் கட்டிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பேரணி கிளம்பியது. நான் முன்சீட்டில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். முந்நூறு சைக்கிள்களும் இடது ஓரமாகப் போயின. நாங்கள் அவர்களுக்குப் பக்கத்தில் மெதுவாகப் போனோம். மூன்று கிலோமீட்டர் வரை ஒருவரும் கூப்பிடவில்லை. யாருக்கும் தெரியவில்லையோ என்று நான் ஜன்னல் வழியே எட்டி எட்டிப் பார்த்தேன்.

ஒரு வளைவு தாண்டியதும், தூரத்தில் ஒரு சின்னப் பெண் இரண்டு கையையும் தலைக்கு மேல் ஆட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் அப்பா சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தார்.

அம்மா இறங்கி, கழன்ற செயினைப் பார்த்தார். நான் அந்தப் பெண்ணிடம் கேட்டேன். "நாங்கதான்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"எழுத்து ஓடி வந்துச்சு" என்றாள் அவள். "எங்களுக்கு உதவி பண்ணத்தான் அவ்ளோ வேகமா ஓடி வருதுன்னு நினைச்சேன். அப்புறம்தான் படிச்சேன்."

செயினை மாட்டிக்கொண்டிருந்த அம்மாவின் கை ஒரு நொடி நின்றது. அம்மா திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு மூன்று நிமிடத்தில் வேலையை முடித்தார்.

அன்று மொத்தம் முப்பத்தொரு சைக்கிள். ஒருவரும் தள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போகவில்லை.

முடிந்ததும் பேரணி மேடம் என்னிடம் வந்தார். "அடுத்த வருஷம், எல்லாரும் உக்கார்ந்து ஓய்வெடுக்கிற இடத்துக்கும் இதே எழுத்துல ஒரு போர்டு எழுதித் தரியா?"

"அது வேண்டாம் மேடம்" என்றேன். "ஓடுற எழுத்தைப் பார்த்தா யாருக்கு உக்காரத் தோணும்? அதுக்கு நல்லா சம்மணம் போட்டு உக்கார்ற எழுத்தா வரைஞ்சு தரேன்."

மாமா எனக்குப் பின்னால் நின்று, "அரை மணி நேரத்துல முடிச்சிடுவா மேடம்" என்றார்.

திங்கட்கிழமை, பள்ளி முடியும் நேரத்தில், அம்மா வண்டியைப் பள்ளி வாசலில் நிறுத்தினார். இந்தத் தடவை இடப்பக்கம் வாசலைப் பார்த்து நின்றது. கொஞ்ச நேரத்தில் ஒரு வரிசை சேர்ந்தது. வரிசையில் எல்லார் கையிலும் சைக்கிள். முன்னால் நின்றவன் அதே சுருட்டை முடிப் பையன். அவன் சைக்கிளின் பின்சக்கரம் சப்பையாகிக் கிடந்தது.

அவன் அம்மாவைப் பார்த்து வெட்கத்தோடு சிரித்தான்.

"ஆன்ட்டி, இன்னிக்கு என்கிட்ட பஞ்சர் இருக்கு" என்றான்.